இன்டர்ன்ஷிப்பில் உங்களை எங்கே உட்கார வைக்கிறார்கள்?

வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. அடுத்த செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். அதற்குக் கிரெடிட் உண்டு, தட்டிக்கழிக்க முடியாது. கையில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிகிற பெரிய நிறுவனம். ஸ்டைபெண்ட் கிடையாது. என்ன வேலை என்று கேட்டால் "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இன்னொன்று, இருபது பேர் வேலை பார்க்கும் தணிக்கையாளர் அலுவலகம். கொஞ்சம் பணம் தருவார்கள். ஆனால் முதல் மாதம் வவுச்சர் (வரவு செலவுக்கான சான்றுச் சீட்டு) அடுக்குவது, வங்கிக் கணக்கை ஒப்பிடுவது மாதிரி சில்லறை வேலைதான் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சீனியர்களோ, எங்கே போனாலும் ஒன்றுதான், சர்டிபிகேட் வந்தால் போதும் என்கிறார்களாம். எதைத் தேர்ந்தெடுப்பது, இதனால் படிப்புக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: சின்ன அலுவலகத்துக்குப் போங்கள். என்ன வேலை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது, அதுதான் பெரிய காரணம். கல்லூரிப் பக்கத்திலிருந்து பல வருடம் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பி, திரும்பி வந்தவர்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து, ஒரு மாணவர் என்ன கற்றுக்கொண்டு வருவார் என்று என்னால் கணிக்க முடிந்ததே இல்லை. யார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், செய்த வேலையை யார் பார்த்தார்கள் என்று தெரிந்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

சீனியர்கள் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கற்பனையான பட்டதாரிகளின் பெயரில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். மற்ற விவரங்கள் எப்படி அமைந்தாலும், படிக்கும் காலத்தில் இன்டர்ன்ஷிப் செய்ததாக எழுதியிருந்தவர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு சுமார் 14 சதவீதம் கூடுதலாக வந்தது. 2016-ல் முடிவு வெளியானது. ஆக, ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரிக்கே மதிப்பு இருக்கிறது. ஆனால் அந்த வரி உங்களை நாற்காலி வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். எதிரில் இருப்பவர் "அங்கே என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்ட பிறகு சர்டிபிகேட் பேசாது. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "இன்டர்ன்ஷிப் செய்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது" என்று விளம்பரப்படுத்தும் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. மதிப்பெண்ணும் அறிமுகமும் உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் நல்ல இன்டர்ன்ஷிப்பே கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் அவர்களுக்கு வேலை கிடைத்திருக்கும்.

படிப்புக்கு என்ன பயன் என்பதற்கு வருகிறேன். வேலையைப் படிப்போடு சேர்த்த முதல் பல்கலைக்கழக ஏற்பாடு என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களோடு ஆரம்பித்தார். மாணவர்களை ஜோடி சேர்த்துவிட்டார். இந்த வாரம் ஒருவர் தொழிற்சாலையில், மற்றவர் வகுப்பில். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். தொழிற்சாலைக்கு எந்த வாரமும் ஆள் குறையாது, மாணவருக்குக் கூலியும் உண்டு. எனக்கு இதில் பிடித்தது அந்த ஒரு வார இடைவெளி. இந்த வாரம் லேத்தில் நிற்கும்போது புரியாமல் போனது, அடுத்த வாரம் வகுப்பில் கேள்வியாக வந்து நிற்கும். வகுப்பில் சொன்ன சூத்திரம் உண்மைதானா என்று அதற்கடுத்த வாரம் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். ஆறுவதற்குள் கேட்டுவிட முடிகிறது.

அதற்குப் பிறகு பல வடிவங்கள் வந்தன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கியது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறி வரும். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1974-லிருந்து நடக்கும் இரட்டைக் கல்வி முறையில் மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். மூன்று மாதம் அங்கே, மூன்று மாதம் கல்லூரியில், சம்பளம் மூன்று வருடமும் வரும். பிரிட்டனில் சாண்ட்விச் கோர்ஸ் என்று ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒரு வருடம் முழுக்க வெளியே வேலை, திரும்பி வந்து கடைசி ஆண்டுப் படிப்பு.

இவை எல்லாவற்றிலும் மாணவர் திரும்பி வகுப்புக்கு வருகிறார். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மாதிரி கடைசிக் கட்டத்தில் ஒரே மூச்சாக இன்டர்ன்ஷிப்பை வைத்தால் அது போய்விடுகிறது. பார்த்ததைக் கேட்க வகுப்பு இல்லை, அறிக்கையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு நேர அட்டவணையில் இது வசதி, மாணவருக்கு நஷ்டம். உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கைடாகப் போட்டிருக்கும் ஆசிரியரிடம் இப்போதே பேசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கேட்கப்போவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது சில்லறை வேலை. வவுச்சர் அடுக்கத்தான் மூன்று வருடம் படித்தேனா என்று மனசுக்குள் ஓடுவது நியாயம்தான். ஆனால் வேலை சின்னதா பெரியதா என்பதைவிட, அந்த வேலை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது முக்கியம். ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவில் தையல் கலைஞர்களிடம் வேலை பழகும் பையன்களைக் கூர்ந்து கவனித்தார். அங்கே துணி வெட்டுவதிலிருந்து பாடம் தொடங்குவதில்லை. பையன் முதலில் தைத்து முடித்த உடுப்புக்குப் பித்தான் வைக்கிறான், கை ஓரம் மடித்துத் தைக்கிறான். அப்புறம்தான் துண்டுகளை இணைத்துத் தைப்பது. வெட்டுவது கடைசி. உடுப்பு உருவாகும் வரிசைக்கு இது நேர் தலைகீழ். பித்தான் வைக்கும்போதே முழு உடுப்பு கையில் இருக்கிறது, அதன் அமைப்பு கண்ணில் படுகிறது. தைக்கப் போகும்போது எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று புரிகிறது. அது புரிந்த பிறகு, ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்பது தானாக விளங்குகிறது. பித்தானில் பிழை செய்தால் பிரித்துவிட்டு மறுபடி வைக்கலாம், வெட்டில் பிழை செய்தால் துணியே போச்சு. சின்ன வேலையை முதலில் கொடுப்பதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

லேவும் எட்டியென் வெங்கர் என்ற கல்வி ஆய்வாளரும் சேர்ந்து 1991-ல் இதைப் பற்றி எழுதியபோது, எதிர்மாறான ஓர் உதாரணத்தையும் கொடுத்தார்கள். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் இறைச்சி வெட்டப் பழகுகிறவர்களின் கதை அது. அவர்களை ஒரு அறையில் பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிடுவார்கள். வெட்டுகிற அனுபவசாலிகள் வேறு அறையில். இவர்களால் அங்கே நடப்பதைப் பார்க்கக்கூட முடியாது. பொட்டலம் கட்டுவதில் கை தேறியதும், அதையே செய்துகொண்டிரு என்று விட்டுவிடுவார்கள். வேலை அளவில் பித்தானும் பொட்டலமும் ஒன்றுதான். ஒரு பையனுக்கு முழு உடுப்பு தெரிகிறது, மற்றவருக்குச் சுவர்தான் தெரிகிறது.

உங்கள் துறையிலேயே ஒன்றைப் பார்ப்போம். வங்கிச் சரிகட்டும் பட்டியல் வகுப்பில் போட்டிருப்பீர்கள், ரொக்க ஏட்டுக்கும் வங்கி அறிக்கைக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் காட்டும் கணக்கு. கணக்கிலேயே எல்லாம் கொடுத்திருப்பார்கள்: விடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டது, வாடிக்கையாளர் நேராக வங்கியில் கட்டிவிட்டார். கூட்டிக் கழித்தால் இரண்டு பக்கமும் சரியாக வந்துவிடும். அலுவலகத்தில் யாரும் அந்தப் பட்டியலைத் தரமாட்டார்கள். ரொக்க ஏடு ஒரு பக்கம், வங்கி அறிக்கை ஒரு பக்கம், நடுவில் நீங்கள். தெரிந்த காரணங்களையெல்லாம் சரி செய்த பிறகும் 1,800 இடிக்கிறது. நூற்றுக்கணக்கான பதிவுகளில் எங்கே போய்த் தேடுவது? பக்கத்து நாற்காலியில் பழைய கணக்காளர் ஒருவர் இருந்தால், தலையைத் திருப்பாமலே "ஒன்பதால் வகுத்துப் பார்" என்பார். 1,800 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அப்படியானால் யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கண்ணோடு தேடினால், 47,500 என்பதை 45,700 என்று பதிந்த வரி அகப்படும். அதிலும் கிடைக்கவில்லை என்றால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடச் சொல்வார், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் தெரியும்.

இந்த வித்தை பாடத்திட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்பதல்ல விஷயம். அதைக் கேட்ட மாணவிக்கு இலக்கம் இடம் மாறினால் ஏன் ஒன்பதின் மடங்கு வருகிறது என்று ஒரு கேள்வி எழும். பத்தாம் இடத்தில் இருக்க வேண்டிய இலக்கம் ஒன்றாம் இடத்துக்குப் போனால், அதன் ஒவ்வொரு பத்தும் ஒன்றாகி ஒன்பது குறைகிறது; எதிர்ப்பக்கம் போன இலக்கத்தில் அதேபோல் ஒன்பது ஒன்பதாகக் கூடுகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஆனால் அது உதவும் என்று அப்போது தெரியாது. வவுச்சர் அடுக்கும் வேலைக்கு இடையில் இப்படி ஒன்று கிடைக்க வேண்டுமானால், அந்தப் பழைய கணக்காளர் அதே அறையில் இருக்க வேண்டும். உங்களுக்குத் தனி அறை, தனி மடிக்கணினி, அழகான அடையாள அட்டை எல்லாம் கொடுத்து வேறு மாடியில் உட்கார வைத்தால் கிடைக்காது. வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப்பில் எனக்குள்ள சந்தேகமும் இதுதான். கேட்ட கேள்விக்கு மென்டார் பதில் அனுப்புவார், கேட்கத் தெரியாத கேள்விக்கு யார் பதில் அனுப்புவது?

அதனால் சேர்வதற்கு முன் அந்தச் சின்ன அலுவலகத்தில் பணிவாக நான்கு கேள்வி கேளுங்கள். எனக்கு வேலை கொடுக்கப்போவது யார்? அவர் நான் உட்காரும் இடத்திலேயே இருப்பாரா, வெளியூர்த் தணிக்கைக்குப் போய்விடுவாரா? செய்ததை அவர் பார்த்துத் திருத்துவாரா? இரண்டாவது மாதம் வேலை மாறுமா? இதில் கடைசிக் கேள்விதான் உயிர். முதல் மாதம் வவுச்சர் என்று சொல்லும் அலுவலகம் நான்காவது மாதமும் வவுச்சரையே கொடுத்தால், உங்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். பெரிய நிறுவனத்தையும் விட்டுவிடாதீர்கள், இதே நான்கு கேள்வியை அங்கேயும் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நபரின் பெயரைச் சொல்லி "இவரோடு இருப்பீர்கள்" என்று பதில் வந்தால் என் பரிந்துரையை மாற்றிக்கொள்ளத் தயார்.

நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை, இதைப் படிப்பவர்களில் மேலாளர்களும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில். இன்டர்னைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்தால், அவருடைய வாராந்திர வேலையில் அதற்கென்று நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாதவர் தலையில் இதையும் கட்டினால், இன்டர்னுக்கு யூடியூப் வீடியோதான் மென்டார்.

கல்லூரியில் எழுதச் சொல்லும் டைரிக்கு வருவோம். பெரும்பாலான டைரிகள் இப்படித்தான் இருக்கும்: "இன்று வங்கி அறிக்கையை ரொக்க ஏட்டோடு ஒப்பிட்டேன். பல புதிய விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்." மறுநாளும் அதே வரி, தேதி மட்டும் மாறியிருக்கும். கையெழுத்துப் போடுகிறவரும் பத்து நாளைக்குச் சேர்த்துப் போட்டுவிடுவார். இதை எழுதுவதும் வீண், படிப்பதும் வீண். பயனுள்ள பதிவு என்றால் இந்த மாதிரி இருக்க வேண்டும்: "1,800 வித்தியாசம் வந்தது. வங்கிக் கட்டணமாக இருக்கும் என்று நினைத்து அரை நாள் தேடினேன், இல்லை. இலக்க மாற்றம் என்று பிறகு தெரிந்தது. பதிவைத் திருத்தலாமா என்று கேட்டதற்கு, பழைய பதிவை அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போட வேண்டும் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. நாளை கேட்க வேண்டும்." ஆறு வரிதான். இதில் என்ன நினைத்தார், எங்கே தடுக்கியது, யார் என்ன சொன்னார், எது இன்னும் புரியவில்லை என்று நான்கும் இருக்கிறது. அந்த "ஏன்" என்பதை உங்கள் கைடிடம் கொண்டுபோனால் தணிக்கைத் தடம் (எந்தப் பதிவு எப்படி மாறியது என்று பின்னால் தேடிப் பார்க்க முடிவது), உள்கட்டுப்பாடு (பிழையும் மோசடியும் நடக்காமல் நிறுவனமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு) என்று ஒரு முழு வகுப்பே நடக்கும்.

அனுபவம் கிடைத்தாலே கல்வி கிடைத்துவிடாது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938-லேயே எழுதிவிட்டார். சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே தடுத்துவிடும் என்றும் சொன்னார். கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஒரு செமஸ்டர் முழுக்க கேள்வி கேட்காமல் இருக்கப் பழகி வந்த மாணவர்கள் உண்டு, போன புதிதில் கேட்டபோது யாரோ எரிந்து விழுந்திருப்பார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் கல்லூரிகள் செய்வது எனக்குத் திருப்தியில்லை. நிறுவன அதிகாரி நிரப்பி அனுப்பும் படிவத்தில் எல்லாருக்கும் "மிக நன்று" என்றுதான் இருக்கும். நான்கு மாதம் கூட இருந்த பிள்ளைக்குக் குறைவாகப் போட யாருக்கு மனசு வரும்? அறிக்கையில் பாதி, நிறுவனத்தின் வரலாறும் நோக்கமும், இணையதளத்திலிருந்து எடுத்தது. அதற்கு மதிப்பெண் போடுவதைவிட, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் துருவலாம். நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள், வேறு எப்படிச் செய்திருக்கலாம், ஏன் அப்படிச் செய்யவில்லை? உண்மையில் வேலை பார்த்தவர் இதற்குத் திணறமாட்டார். உங்கள் கல்லூரியில் இப்படிக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

பணம். இதைப் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேர, அதுவரைக்கும் வீட்டுச் செலவைத் தாங்க ஆள் வேண்டும். அது இல்லாதவர் மாலையில் வேறு வேலைக்கு ஓடுவார், அல்லது அந்த வாய்ப்பையே விட்டுவிடுவார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்ஸில் ஒரு கல்வியாண்டில் இரண்டு மாதத்துக்கு மேல் போகும் இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கொடுத்தே தீர வேண்டும். ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. கல்லூரி, மாணவர், நிறுவனம் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் எதுவும் நடக்காது. பிரிட்டனில் நேர்மாறாக, பட்டப்படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சி ஒரு வருடத்துக்குள் இருந்தால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. அமெரிக்காவில் சினிமாத் தயாரிப்பில் வேலை பார்த்த இன்டர்ன்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது: இந்த ஏற்பாட்டில் முக்கியமாகப் பலன் அடைவது யார்? நிறுவனம் என்றால் அவர் ஊழியர், சம்பளம் கொடு. மாணவர் என்றால் கொடுக்காமல் இருக்கலாம். 2018-ல் தொழிலாளர் துறையும் இதையே ஏற்றுக்கொண்டது. பிரான்ஸின் முறைதான் நியாயம் என்பது என் கட்சி. இரண்டு மாதம் தாண்டினால் எந்த மக்கு மாணவரும் நிறுவனத்துக்கு ஏதோ ஒரு வகையில் உதவத் தொடங்கியிருப்பார்.

செவிலியர், ஆசிரியர் பயிற்சி மாதிரியான படிப்புகளில் இந்தச் சுமை இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே பயிற்சி இல்லாமல் பட்டமே இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியர் படிப்புக்கு மொத்தம் 4,600 மணி நேரம் வேண்டும், அதில் குறைந்தது பாதி நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி. அவ்வளவு நேரம் வேறு வேலைக்குப் போகவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் இதற்கு "பிளேஸ்மென்ட் வறுமை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அங்கே பிளேஸ்மென்ட் என்றால் இந்தக் கட்டாயப் பயிற்சி. அங்கே 2025 ஜூலையிலிருந்து செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர், ஆசிரியர், சமூகப் பணி மாணவர்களில் தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் அரசே வாராவாரம் உதவித்தொகை கொடுக்கிறது.

உங்கள் விஷயத்தில் சின்ன அலுவலகம் தரும் தொகை பயணச் செலவுக்காவது ஆகும் என்றால், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒருவேளை இரண்டும் கைகூடாமல் வேறு இடம் தேட நேர்ந்தால் ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள்: பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், சர்டிபிகேட் கட்டணம் என்று உங்களிடம் காசு கேட்கும் இடம் இன்டர்ன்ஷிப் விற்கிற இடம். அங்கே வேலையும் இருக்காது, பார்க்க ஆளும் இருக்காது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. தணிக்கை அலுவலகத்தில் நீங்கள் பார்ப்பதெல்லாம் மற்றவர்களின் கணக்கு. அறிக்கையில் எதை எழுதலாம், வாடிக்கையாளர் பெயரை எப்படி மறைக்க வேண்டும், எந்தத் தாளை நகல் எடுக்கக் கூடாது என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதன் நகலைக் கைடிடமும் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் அனுமதி கேட்டு, பாதி அறிக்கையை வெட்டச் சொல்லி, சமர்ப்பிக்கும் தேதி தாண்டிப் போன மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.